செகாம்புட் பட்டறை: 25 வெள்ளி ஹோஸில் ஆரம்பித்து 3,280 வெள்ளியில் முடிந்தது

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்கள், நிறுத்துவதும் நல்லதுதான். கோலாலம்பூர் செகாம்புட்டில் இருக்கிற இந்தக் கார் பட்டறையில் போன் எடுக்க மாட்டார்கள். வாட்ஸ்அப் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. இரண்டு வாரம் என்று சொன்னால் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் காடி (கார்) பதினொரு வாரம் கிடந்தது. உட்கார்ந்து காத்திருக்க ஒரு பழைய வேனிலிருந்து கழற்றிய பின்சீட் இருக்கிறது, அதில் எப்போதும் ஒரு பூனை படுத்திருக்கும், அதை எழுப்ப யாருக்கும் அனுமதி இல்லை. கார்டு வாங்க மாட்டார்கள். ரசீது என்று கேட்டால் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தருவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அடுத்த முறை அங்கேதான் விடுவேன். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

பெயர் எங்கே என்று கேட்பீர்கள். செகாம்புட்டில், தகரக் கூரைப் பட்டறைகள் வரிசையாக இருக்கிற இடத்தில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுதட்டுமா என்று கேட்டபோது பட்டறைக்கார அண்ணன் சொன்னது இதுதான்: "எழுதுங்க டீச்சர், பேரை மட்டும் போட்டுறாதீங்க. இருக்கிற காடியே வெளிய போக மாட்டேங்குது."

காடி அப்பாவுடையது. 1996ஆம் ஆண்டு ப்ரோட்டோன் இஸ்வாரா, 1.3, கார்புரேட்டர், கையால் சுற்றி இறக்குகிற கண்ணாடி, வெள்ளை. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இப்போது கண் சரியில்லை, ஓட்டுவதில்லை, ஆனால் விற்கவும் விட மாட்டார். நான்தான் தினமும் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். ரோட் டேக்ஸ் வருஷத்துக்கு 70 வெள்ளி (ரிங்கிட்), காப்புறுதி மூன்றாம் தரப்பு மட்டும். இந்தக் காடியில் மலிவு என்று சொல்ல அந்த இரண்டுதான் மிச்சம்.

இல்லை, சாமானும் மலிவுதான், அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். இஸ்வாரா என்பது 1985இல் வந்த முதல் ப்ரோட்டோன் சாகாவின் முகத்தையும் முதுகையும் மாற்றி 1992இல் விட்ட காடி. சாகாவே மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயைப் பார்த்துச் செய்தது, எஞ்சினும் மிட்சுபிஷியின் 4ஜி13. அதே குடும்பத்து எஞ்சின் ப்ரோட்டோன் வீராவிலும் ஓடியதால் கேஸ்கெட், வாட்டர் பம்ப், பெல்ட் எல்லாம் ஜாலான் ஈப்போ பக்கம் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஆளைக் கவிழ்ப்பதும் அதுதான். ஒரு சாமான் 300 வெள்ளி என்றால் இரண்டு நாள் யோசிப்போம். 35 வெள்ளி என்றால் 'அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்' என்று வாய் தானாகச் சொல்லும். அப்படிப் பத்து 35 சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த வாய்க்குத் தெரியாது.

கதை தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஆரம்பித்தது. ஜாலான் ஈப்போ நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது பானெட்டிலிருந்து ஆவி. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடையில் விட்டேன், செகாம்புட் கடை அல்ல. மேல் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருக்கிறது என்று 25 வெள்ளிக்குப் புதியது போட்டு, கூலி 20 வாங்கி, போகிற போக்கில் ரேடியேட்டர் மூடியும் பழசு என்று 15 வெள்ளிக்குப் புது மூடியும் மாட்டி அனுப்பினார்கள். அரை மணி நேர வேலை. எனக்கு மிகவும் திருப்தி. அன்று மாலை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்த 15 வெள்ளி மூடிதான் மீதி எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது என்று பிறகு தெரிந்தது. ரேடியேட்டர் மூடி என்பது தண்ணீர் கொட்டாமல் இருக்க மட்டும் போடுகிற மூடி இல்லை. அதில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது, அழுத்தம் இருந்தால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். எங்கள் பழைய மூடியின் ஸ்பிரிங் செத்து எத்தனை வருஷமோ, அழுத்தமே இல்லாமல் காடி சும்மா ஓடிக்கொண்டிருந்தது. புது மூடி வந்ததும் அழுத்தம் ஒழுங்காக ஏறியது, ஏறிய அழுத்தம் அடுத்து எது இளைத்தவன் என்று தேடிப்போனது. இருபத்தைந்து வருஷத்துக் குழாய் ஓடுகிற வீட்டில் புதிதாக பம்ப் வைத்தால் எங்கெங்கே பீய்ச்சும், அந்த மாதிரி. இதற்காக அந்தக் கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது, மூடி மாற்றியது சரிதான். மாற்றிவிட்டு மற்ற இடங்களைப் பார்க்காமல் 'ஓகே டீச்சர், இனி பிரச்சனை இல்ல' என்று சொன்னதுதான் தப்பு.

இரண்டு வாரம் கழித்து மெந்தகாப்பில் ஒரு கல்யாணம். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் சூடு காட்டுகிற முள் மெல்ல மேலே போவதைப் பார்த்தேன், பார்த்தும் ஓட்டினேன், இதை மறைக்க விரும்பவில்லை. 'உச்சிக்குப் போனால் இறக்கம்தானே, தானாக ஆறிவிடும்' என்று நினைத்தேன். ஆறவில்லை. பட்டுப்புடவையோடு சாலை ஓரத்தில் ஒன்றரை மணி நேரம். கோலாலம்பூருக்கு இழுத்துவர 280 வெள்ளி. அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, சேர்த்தால் அழுகை வரும்.

பழைய கடைக்கே போனேன். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல், "எஞ்சின் போச்சு டீச்சர், ஹாஃப்கட் எஞ்சின் ஒண்ணு இறக்கிடலாம், 2,800" என்றார்கள். ஜப்பானில் பாதியாக வெட்டி இங்கே கொண்டுவருகிற காடிகளிலிருந்து எடுத்த எஞ்சின். அது கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன், நிறையப் பேர் போட்டு நன்றாக ஓட்டுகிறார்கள். ஆனால் எஞ்சின் எண் கிரானில் (காடிப் பதிவுப் பத்திரத்தில்) இருக்கிறது, மாற்றினால் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை, ஜேபிஜே சாலைப் போக்குவரத்துத் துறை என்று அலைய வேண்டும், அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நானாகக் கேட்டதும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றார்கள். எனக்கு அந்த 'பார்த்துக்கலாம்' பிடிக்கவில்லை. என் பெரியம்மா மகன் சொல்லித்தான் செகாம்புட் போனேன்.

அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். உதவிக்கு ஒரு மலாய்ப் பையனும், எப்போதாவது வருகிற அவருடைய மருமகனும். அவர் முதலில் ஸ்பானரை எடுக்கவில்லை, அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. ஆறிய ரேடியேட்டரைத் திறந்து விரலை விட்டு எடுத்துக் காட்டினார். பால் ஊற்றாத தே மாதிரி நிறம். "கூலண்ட் ஊத்தலையா? பைப்புத் தண்ணியா?" என்றார். பைப்புத் தண்ணீர்தான், அப்பா காலத்திலிருந்து பைப்புத் தண்ணீர்தான். இரும்பு பிளாக் உள்ளே துருப்பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது, அந்தத் துருதான் ரேடியேட்டரின் நடுவில் சேறாக அடைத்திருக்கிறது.

அப்புறம் ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப் மாதிரி ஒன்றை மாட்டி அழுத்தம் ஏற்றினார். அதில் ஒரு மீட்டர். முள் இறங்குவதை நானே பார்த்தேன். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி சேருகிற ஓரத்தில் ஒரு கசிவு, வாட்டர் பம்ப் அடியில் ஒரு சொட்டு. ஆனால் அந்தச் சின்னக் கசிவுகளுக்கு மீறிய வேகத்தில் முள் இறங்கியது. அப்படியானால் வெளியே தெரியாத இடத்தில் எங்கேயோ போகிறது. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக ஒரு பழைய செய்தித்தாளில் வைத்தார். மூன்று கறுப்பு, ஒன்று மட்டும் தேய்த்துக் கழுவிய மாதிரி வெள்ளை. அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போய் ஆவியாகி அதைக் கழுவியிருக்கிறது. போனது ஹெட் கேஸ்கெட், எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு. மேலே உள்ள ஹெட் அலுமினியம், கீழே பிளாக் இரும்பு. அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினியம்தான் முதலில் வளைந்துகொடுக்கும். நான் ஏற்றத்தில் முள்ளைப் பார்த்தும் ஓட்டிய அந்த ஐந்து நிமிடத்தின் விலை அது. அண்ணன் திட்டவில்லை. "எல்லாரும் அப்படித்தான் ஓட்டுவாங்க" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இப்போதுதான் அந்த நோட்டு வந்தது. சாதாரண கோடு போட்ட பள்ளி நோட்டு, ஒவ்வொரு காடிக்கும் இரண்டு பக்கம். மேலே காடி எண், கீழே மூன்று பத்தி. முதல் பத்திக்குத் தலைப்பு 'இப்போ'. இரண்டாவது 'ஆறு மாசம்'. மூன்றாவது 'கெடக்கட்டும்'. எதைக் கண்டுபிடித்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் எழுதிவிடுவார், விலையோடு, எழுதிவிட்டுக் காட்டுவார். நமக்குத் தெரியாமல் ஒன்று ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்குப் போகாது. நாம் சொன்னால் போகும், அதற்குப் பக்கத்தில் நம் கையெழுத்து வேண்டும். முப்பது வருஷமாக இப்படித்தானாம். காரணம் கேட்டேன். "யார் கேட்டு பெரிசாச்சுன்னு பின்னாடி சண்டை வரும்ல" என்றார்.

'இப்போ' பத்தியை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. வாட்டர் பம்ப்பை எடுக்க டைமிங் பெல்ட் கவரைக் கழற்ற வேண்டும். அவ்வளவு தூரம் கழற்றிவிட்டால் பெல்ட் கைக்கு எட்டுகிறது, அந்த பெல்ட்டை எப்போது மாற்றியது என்று அப்பாவுக்கும் நினைவில்லை. பெல்ட்டை எடுத்தால் பின்னால் இரண்டு எண்ணெய் சீல், இரண்டும் வியர்த்திருக்கின்றன, எண்ணெய் பட்டால் புது பெல்ட்டும் கெட்டுப்போகும். "பம்ப்பை மட்டும் மாத்தி மூடலாம், தாராளமா. ஆனா சீல் ரெண்டும் சேர்ந்து 20 வெள்ளி. பின்னாடி அந்த 20 வெள்ளிக்காக மறுபடி தொறந்தா கூலி 150. நீங்களே சொல்லுங்க." இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சாமான் மலிவு, அங்கே போய்ச் சேருகிற வழிதான் விலை. பழைய காடியில் கூலி எல்லாம் வழிக்குத்தான். வழியைத் திறந்துவிட்டால் அந்த வழியில் இருக்கிற எல்லாக் கதவையும் தட்டத் தோன்றுகிறது, சில கதவைத் தட்டியே ஆக வேண்டும். எது எது என்று சொல்கிற ஆளுக்குத்தான் நாம் உண்மையில் காசு கொடுக்கிறோம்.

ஹெட்டைக் கழற்றிய அன்று வரச் சொன்னார். ஒரு இரும்பு அளவுகோலை ஹெட் மீது குறுக்கே வைத்து, அடியில் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை விடச் சொன்னார், என்னையே. நடுவில் மெல்லிய தகடு சும்மா வழுக்கிக்கொண்டு போனது, அங்கே வளைந்திருக்கிறது. ஸ்கிம் பண்ணினால், அதாவது மேல்பரப்பை மெல்லச் சீவித் தட்டையாக்கினால், சரியாகிவிடும், வெடிப்பு இருக்கிறதா என்று அந்த வேலை செய்கிற இன்ஜினியரிங் கடையிலேயே சோதித்துத் தருவார்கள் என்றார். அந்த இன்ஜினியரிங் கடையில் வரிசை நீளம், ஒன்பது நாள் ஆனது. வால்வு ஸ்டெம் சீல்களையும் அப்போதே மாற்றினார், 35 வெள்ளி. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வரும் நீலப் புகை அதனால்தானாம். 12 வால்வு எஞ்சின், சிலிண்டருக்கு மூன்று, இரண்டு உள்ளே விட, ஒன்று வெளியே தள்ள. இதெல்லாம் எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்காதீர்கள், ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இப்போது நிறையக் கதை சொல்கிறேன்.

அன்று இரவு ஃபீலர் கேஜ் கதையை வீட்டில் சொன்னபோது அப்பா எதுவும் பேசாமல் எழுந்து போய், கட்டிலுக்கு அடியிலிருந்து தகர டப்பாவை இழுத்து, தன்னுடைய ஃபீலர் கேஜை எடுத்துவந்தார். ரயில்வே காலத்தது. ஒவ்வொரு தகட்டிலும் எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வைத்திருந்தார், ஒரு புள்ளி துரு இல்லை. காடிக்கு முப்பது வருஷமாகப் பைப்புத் தண்ணீர் ஊற்றியவர்! சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்தவரும் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது. அண்ணன் அந்த இடத்தைத் திறந்தால் காலி. "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?" என்று அப்பா இன்றைக்கும் வாதாடுகிறார். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற வேண்டிய அளவுக்கு ஏறாது, பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்று நான் சொன்னால், "நீ தமிழ் டீச்சர்தானே" என்கிறார். 82 டிகிரியில் திறக்கிற புது தெர்மோஸ்டாட் 25 வெள்ளிக்குப் போட்டாகிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை.

எஞ்சின் வேலையில் ஒரே ஒரு சறுக்கல். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றும்போது ஒரு ஸ்டட் (திருகுக் கம்பி) உடைந்து ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. எண்ணெய் ஊற்றி ஊற வைத்துச் சூடு காட்டியும் வரவில்லை, கடைசியில் துளை போட்டு எடுக்க 60 வெள்ளி கூடுதல். இது நோட்டில் இல்லாதது. ஆரம்பத்திலேயே "பழைய ஸ்டட் உடையலாம், உடைஞ்சா இவ்வளவு ஆகும்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம், முப்பது வருஷ அனுபவத்துக்கு அது தெரியாதா? கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு பாதி விலை வாங்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஆனால் குறை குறைதான், எழுதிவைக்கிறேன்.

எஞ்சின் கணக்கு: ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், கீழ் ஹோஸ், சின்ன ஹோஸ்கள் 245, பம்ப், பெல்ட், டென்ஷனர், சீல் 200, ஹெட் கேஸ்கெட் செட், ஸ்கிம், ஸ்டெம் சீல் 265, பிளாக்கின் பக்கத்தில் துருப்பிடித்திருந்த தகர மூடிகளும் அந்தப் பாழாய்ப்போன ஸ்டட்டும் 90, எண்ணெய், ஃபில்டர், இந்த முறை நிஜமான கூலண்ட் 140, கூலி 500. ஆக 1,440. ஹாஃப்கட்டுக்குச் சொன்னதில் பாதி. அந்த ஸ்டட்டைத் தவிர 'இப்போ' பத்தியில் இருந்தது இவ்வளவுதான். இத்தோடு காடியை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் ஐந்தே வாரத்தில் முடிந்திருக்கும்.

மீதி 1,840க்கு அண்ணன் பொறுப்பில்லை. நான்தான்.

எப்படி என்றால், ஹெட் போயிருந்த அந்த ஒன்பது நாளில் ஒரு நாள் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். இடது பக்கம் முன்சீட்டுக்கு அடியில் கார்ப்பெட் ஈரம் என்று ரொம்ப நாளாகத் தெரியும், காய வைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் காடியில் ஹீட்டர் கிடையாது, அதனால் எஞ்சின் தண்ணீர் உள்ளே வர வழியில்லை. இருப்பது இரண்டு வழி, ஏர்கானின் தண்ணீர் வெளியேறுகிற குழாய் அடைத்திருக்கலாம், அல்லது மழைத் தண்ணீர் முன்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கலாம். அண்ணன் குழாயைக் குத்திவிட்டார், அழுக்கோடு ஒரு கோப்பைத் தண்ணீர் கொட்டியது, காசு வாங்கவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் பையன் ஹோஸால் கண்ணாடி மீது தண்ணீர் அடித்துப் பார்த்தால் ரப்பர் மூலையிலும் சொட்டுகிறது. இரண்டு வழியும்தான். ரப்பரையும் தரையையும் அண்ணன் 'ஆறு மாசம்' பத்தியில் எழுதினார். "கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துடலாமா?" என்றது நான். "தூக்கினா பார்த்துட்டு சும்மா இருக்க மாட்டீங்க" என்றார். தூக்கச் சொன்னேன்.

கார்ப்பெட்டுக்கு அடியில் தார்ப்பலகை மாதிரி ஒரு தாள், அதைப் பெயர்த்தால் தகடு மேலேயே உரிந்து வந்தது. உள்ளங்கை அளவு ஓட்டை. ஓட்டை வழியாகப் பட்டறையின் சிமெண்டுத் தரையும் அந்தப் பூனையின் வாலும் தெரிந்தன. என் தங்கை மகன் இரண்டு வருஷமாக அந்தச் சீட்டில்தான் உட்கார்ந்து பள்ளிக்கு வருகிறான். பேனாவை வாங்கி 'ஆறு மாசம்' பத்தியிலிருந்து 'இப்போ' பத்திக்கு அம்புக்குறி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அழுகிய தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங், மேலே கீழே துருத் தடுப்புச் சாயம், 650. கண்ணாடி ரப்பர் மாட்டுக்கூலியோடு 90, கார்ப்பெட் 120. இந்த மாடலுக்கு ரப்பர் சாமான்தான் எஞ்சின் சாமான் மாதிரி உடனே கிடைக்கவில்லை, அதற்கே இரண்டு வாரம்.

இதுவரை நியாயம் இருக்கிறது. அதன் பிறகு வந்தது ஆசை. தரை புதுசு, எஞ்சின் புதுசு மாதிரி, அப்புறம் ஏன் கார்புரேட்டர் மட்டும் இருமிக்கொண்டு இருக்க வேண்டும், 150. ஏன் முன்பக்கம் குழியில் விழுந்தால் கடகட என்று சத்தம், இரண்டு அப்சோர்பரும் லோவர் ஆர்ம் புஷ்ஷும் 380. அண்ணன் இரண்டையும் 'ஆறு மாசம்' என்றுதான் எழுதியிருந்தார். சாயத்தை அவர் 'கெடக்கட்டும்' பத்தியில் எழுதியிருந்தார், தெளிவாக, அடிக்கோடு போட்டு. ஒரு கட்டத்தில் முழுக் காடியையும் சிவப்பாக்கிவிடலாமா என்றுகூடக் கேட்டேன், முதல் சாகாவின் விளம்பரப் படங்கள் எல்லாம் மனதில் ஓடின. நிறம் மாற்றினால் ஜேபிஜேயில் பதிய வேண்டும் என்று அவர் நினைவுபடுத்தினார். அதைவிட, "காடியைப் பார்த்தா ஐயாவுக்கு அடையாளம் தெரியணும்ல" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. இடது கதவும் அதன் கீழ்ப்பகுதியும் மட்டும் என்று முடிவானது, 450.

அந்த 450தான் வீண். சாயத்தை அவர் அடிப்பதில்லை, பக்கத்து வரிசையில் வேறொரு கடைக்கு அனுப்புகிறார். அவர்கள் நிற எண்ணைப் பார்த்துச் சரியான வெள்ளையைத்தான் கலந்திருக்கிறார்கள், ஆனால் முப்பது வருஷ வெயிலில் மற்ற மூன்று கதவும் மோர் நிறத்துக்குப் போய்விட்டன. இப்போது இடது கதவு மட்டும் சோப்பு விளம்பரத்தில் வருகிற சட்டை மாதிரி இருக்கிறது. மற்ற இடங்களை பாலிஷ் போட்டு இழுத்துப் பார்க்கிறேன் என்றார்கள், போட்டார்கள், கொஞ்சம் பரவாயில்லை, வெயிலில் நிறுத்தாவிட்டால். எஞ்சினை அங்கே கொடுங்கள், தரையை அங்கே கொடுங்கள். சாயம் வேண்டாம்.

மொத்தம் 3,280. இந்தக் காடியை விற்றால் அந்தப் பணம் கிடைக்காது, தெரியும். புதுக் காடி எடுத்தால் ஒன்பது வருஷம் மாதம் தவறாமல் வங்கிக்குக் கட்ட வேண்டும், அதையும் கணக்குப் போட்டுத்தான் செய்தேன். என் சக ஆசிரியர்கள் இரண்டு பேர் என்னை முட்டாள் என்று நினைக்கிறார்கள், ஒருவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். அப்பாவிடம் 900 வெள்ளி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். "ஹெட்டைக் கழட்டி, ஸ்கிம் பண்ணி, தரை வெட்டி ஒட்டி 900ஆ? அவன் என்ன தர்மத்துக்கா பட்டறை வச்சிருக்கான்?" என்றார். நான் கோப்பி போடப் போய்விட்டேன்.

ஓட்டுவதற்கு எப்படி இருக்கிறது? ஐந்து மாதம் ஆகிறது. முள் நடுவுக்குச் சற்றுக் கீழே ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. போன மாதம் மெந்தகாப்புக்கு, இந்த முறை சாவுக்கு, அதே ஏற்றத்தில் ஏர்கானைப் போட்டுக்கொண்டே ஏறினேன். நீலப் புகை இல்லை. ஆனால் எண்ணெய் மட்டும் 1,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைகிறது. மேல்பகுதியை இறுக்கினால் கீழே இருக்கிற பழைய பிஸ்டன் ரிங் காட்டிக்கொடுக்கும் என்று அண்ணன் முதலிலேயே சொல்லி, 'கெடக்கட்டும்' பத்தியில் எழுதியும் வைத்திருக்கிறார். அந்த வரிக்குப் பக்கத்தில் நான் இன்னும் அம்புக்குறி போடவில்லை.

போகிறவர்களுக்கு: உங்களிடம் இருப்பது ஒரே காடி, அது இல்லாமல் வேலைக்குப் போக முடியாது என்றால் போகாதீர்கள், நான் பதினொரு வாரமும் கொமுட்டர் ரயிலிலும் தங்கை தயவிலும் ஓட்டினேன். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க வேண்டிய புது காடிகளை அவர் தொடுவதில்லை, கேட்டால் அவரே வேறு இடத்துக்கு அனுப்புவார். சாகா, இஸ்வாரா, வீரா, பழைய கஞ்சில், இவைதான் அங்கே நிற்கும். கழற்றிய பழைய சாமானை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுத் தருவார், கேட்காமலேயே. என் பெட்டியை அப்பா எடுத்துக்கொண்டார். நோட்டை அவ்வப்போது போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், ஒருமுறை அந்தப் பக்கத்தின் மேல் கிரீஸ் கொட்டிவிட்டது. சனிக்கிழமை கூட்டம், அவருக்குப் பேச நேரம் இருக்காது. செவ்வாய் அல்லது புதன் காலை எட்டரைக்குள் போனால் பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். ஒன்பது மணிக்கு மேல் இரும்பு லோரி வந்து வாசலை அடைத்துவிடும், காடியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.